கொழுப்பு ஜாடியில் கிடந்த கைத்துப்பாக்கி

செனோன் மகுரெகி தன் ஆயுளில் ஒரே ஒரு கைத்துப்பாக்கியைச் சொந்த மூளையைச் செலவழித்துச் செய்தார். செய்து முடித்து நாற்பத்தேழு வருஷம் அதை ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. துப்பாக்கி செய்தே பிழைக்கும் ஸ்பெயின் நாட்டு ஊரான எய்பாரில் இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் ஊர்க்காரன் ஒரு துப்பாக்கியைச் செய்தால், அதை நாலு பேரிடம் காட்டிப் பெருமையடித்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவான்.

செனோன் பதினாலு வயதில் முதலாளி அனிசெட்டோ லசுர்தெகியின் துப்பாக்கிப் பட்டறையில் சேர்ந்தார். மூன்றாம் மாடி, ஆற்றைப் பார்த்த ஜன்னல், அதன் ஓரமாக இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பதினோரு வைஸ், வைஸுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு அரம். செனோன் இடக்கைக்காரர் என்பதால் கடைசி வைஸ் அவருக்கு. வேறு எங்கே நின்றாலும் பக்கத்து ஆளின் விலாவில் முழங்கை இடித்தது.

அனிசெட்டோவுக்கு ஒரு கொள்கை இருந்தது. யோசிப்பது பெல்ஜியத்துக்காரன் வேலை, செய்வது நம் வேலை. எங்கிருந்தாவது ஒரு நல்ல கைத்துப்பாக்கியை வாங்கி வருவார், பிரித்து மேஜைமேல் பரப்புவார், "இதே மாதிரி ரெண்டாயிரம்" என்று சொல்லிவிட்டு காப்பி குடிக்கப் போய்விடுவார். ஒருமுறை அப்படி வந்த மாதிரியை வழியில் கழுதை மிதித்திருந்தது. பக்கவாட்டில் பயறு அளவுக்கு ஒரு பள்ளம். யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. இரண்டாயிரம் துப்பாக்கியிலும் அந்தப் பள்ளத்தை அளவு பிசகாமல் வெட்டிக் கொடுத்தார்கள். பிற்பாடு பள்ளம் இல்லாமல் ஒரு பெட்டி போய்விட, இது போலி என்று அர்ஜென்டினாவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.

இப்படிப்பட்ட பட்டறையில் ஒருவனுக்குச் சொந்தமாக ஒரு யோசனை வருவது, கன்னியர் மடத்தில் பிள்ளை பிறப்பது மாதிரி. செனோனுக்கு வந்தது. எந்தக் கைத்துப்பாக்கியும் சுட்டவுடன் தோட்டாவின் காலிக் கூட்டை வலப்பக்கமாகத் தெறிக்கவிடும். இடக்கைக்காரன் சுட்டால் அந்தச் சுடுகூடு அவன் மூக்கை விசாரித்துவிட்டுத்தான் போகும். கூடு நேராகக் கீழே விழுந்தால் என்ன?

"முதலாளி, கூடு கீழ விழுற மாதிரி ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன்."

"எவன் செஞ்சிருக்கான்?"

"யாரும் செய்யல."

"யாருமே செய்யலயா? அப்ப எதைப் பாத்துடா செய்வே?"

"மனசுல இருக்கு, முதலாளி."

அனிசெட்டோ அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். "சரி, ஒரு வருஷம் தர்றேன். ஆனா ஒண்ணு. பரிசோதனைச் சாலை முத்திரை விழுகிற வரைக்கும் நான் ஒரு திருகாணிகூட வாங்க மாட்டேன். முத்திரை விழுந்தா மறுநாளே ஐந்நூறு செய்வோம்."

முத்திரை இல்லாமல் எங்கள் ஊரிலிருந்து எந்தத் துப்பாக்கியும் வெளியே போக முடியாது. பரிசோதனைச் சாலையில் அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, வழக்கத்தைவிட அதிக மருந்து அடைத்த தோட்டாவைப் போட்டு, தூர நின்று கயிற்றை இழுப்பார்கள். தாங்கினால் முத்திரை. வெடித்தால் துண்டுகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, செய்தவன் கையிலேயே கொடுப்பார்கள். பொட்டலத்தோடு வீட்டுக்கு நடந்து போகிறவனைப் பார்த்து, பிணம் போகிற மாதிரி தெருவே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றும். அதைவிடச் செருப்பால் அடிக்கலாம்.

1931 வசந்தத்தில் செனோனின் துப்பாக்கி முடிந்தது. முடிந்தது என்று பட்டறையில் இருந்த மற்ற பத்துப் பேரும் சொன்னார்கள். அவர் மட்டும் "இன்னும் கொஞ்சம்" என்றார். பிடியில் இன்னும் கொஞ்சம் வழவழப்பு, முதுகில் இன்னும் கொஞ்சம் சரிவு. ஊர் உடனே அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. ஞானஸ்நானப் பெயரைப் பாதிரியார் மட்டும் வைத்துக்கொண்டார், மற்ற எல்லோருக்கும் அவர் இன்னும்கொஞ்சம்.

கடைசியில் அனிசெட்டோவே நாள் குறித்தார். ஏப்ரல் பதினாலு, செவ்வாய்க்கிழமை. செனோன் துப்பாக்கியைத் துணியில் சுற்றி, கோட்டுக்குள் வைத்து, விடியற்காலையில் வீட்டைவிட்டு இறங்கினார். இறங்கினால் தெரு முழுக்க ஜனம். ராஜாவை அனுப்பிவிட்டுக் குடியரசு என்று நாட்டிலேயே முதலில் எங்கள் ஊர்தான் அன்றைக்கு அறிவித்திருந்தது. சதுக்கத்தில் பேண்டு வாத்தியம், நகரசபை மாடத்தில் புதுக்கொடி. செனோன் நாள் முழுக்க முண்டியடித்துக்கொண்டு கத்தினார், குடித்தார், முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்குப் பரிசோதனைச் சாலை திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தெருப்பக்கமே அவர் போகவில்லை.

"குடியரசு வந்துடுச்சே முதலாளி, எப்படிப் போறது?" என்றார் மறுநாள்.

அதிலிருந்து சரித்திரமே அவருக்குச் சாக்கு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தது. வேலைநிறுத்தம் வந்தது. அனிசெட்டோ பொறுமை தீர்ந்து மறுபடி பெல்ஜியத்து மாதிரிகளுக்கே திரும்பினார். அப்புறம் உள்நாட்டுப் போர். 1937 ஏப்ரலில் விமானங்கள் வந்து குண்டு போட்டு ஊரில் பாதியை எரித்தன. பட்டறையின் மூன்று மாடியும் ஒரு மாடியாக உட்கார்ந்தன. ஊர் மக்கள் மெத்தையையும் கோழியையும் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். செனோன் ஒரு மண் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஜாடி நிறையப் பன்றிக்கொழுப்பு, கொழுப்புக்குள் துப்பாக்கி. துருப்பிடிக்காது, போலீஸ்காரனும் உள்ளே கையை விட்டுத் தேடமாட்டான்.

இதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பாஸ்குவாலா அதே பட்டறையில் மெருகு போடுகிறவளாக இருந்தவள். கையில் இரும்பைத் தேய்க்கும் எமரித் தூள், நாக்கிலும் அதேதான். போர் முடிந்து வந்த பசிக்காலத்தில் ரொட்டிக்குச் சீட்டு, எண்ணெய்க்குச் சீட்டு. அந்த நாளில் நிலவறையில் ஒரு ஜாடி நிறையக் கொழுப்பை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு கரண்டி எடுக்க விடாத கணவனோடு அவள் குடித்தனம் நடத்தினாள்.

"மேலாக்க ரெண்டு கரண்டி எடுத்துக்கிறேனே. அடியிலதானே உன் துப்பாக்கி படுத்திருக்கு?"

"காத்து பட்டுடும், பாஸ்குவாலா."

"பட்டா என்ன, ஜலதோஷம் பிடிக்குமா?"

அவர்கள் மகள் வெறும் சோள ரொட்டி தின்று வளர்ந்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, பன்றி அறுக்கும் வாரத்தில், செனோன் துப்பாக்கியை வெளியே எடுப்பார். துடைப்பார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பார், எங்காவது இன்னும் கொஞ்சம் தேய்ப்பார், புதுக் கொழுப்பில் இறக்கி வைப்பார். பிடிபட்டால் சிறை. ஆனாலும் அந்த ஒரு சாயங்காலம் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைத் தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்று பாஸ்குவாலா சொல்வாள்.

பிழைப்புக்கு அவர் தையல் இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? சோதனை. இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் செய்த இயந்திரங்களை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, தேறும், தேறாது என்று இரண்டில் ஒரு முத்திரை குத்தினார். தயங்கி நிற்கிற ஆட்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்? பொத்தி வெச்சா முட்டையா பொரியும்?" என்பார். ஊருக்கு உபதேசம்.

சாராயக்கடையில் மட்டும் கதை மாறாது. "குடியரசு வராம இருந்திருந்தா... போர் வராம இருந்திருந்தா... அந்தத் தீ மட்டும் பிடிக்காம இருந்திருந்தா..." கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களிடமும் ஆளுக்கு ஒரு இருந்திருந்தா இருந்தது.

போரில் ஜெயித்து நாட்டை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோ செத்து மூன்று வருஷம் ஆன பிறகு, அனிசெட்டோவின் பேரன் பழைய பட்டறை இடத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்தான். அதன் காப்பாளராக வந்த பெண் எடுர்னே. யார் சொல்லியோ ஜாடி விஷயம் அவள் காதுக்குப் போக, ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கொழுப்பிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்ததை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, இந்த மாதிரி உலகத்துலயே இன்னொண்ணு கிடையாது. உங்க பேரோட நடு அலமாரியில வெப்போம்."

செனோன் தரையைப் பார்த்தார். பாஸ்குவாலா அவரைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு சட்டம்," என்றாள் எடுர்னே. "பரிசோதனைச் சாலைத் தாள் வேணும். ரெண்டு வழி இருக்கு. சுட்டுப் பாத்து முத்திரை வாங்கலாம். இல்லன்னா குழாய்க்குள்ள இரும்பை உருக்கி அடைச்சு, செத்த ஆயுதம்னு எழுதி வாங்கலாம். எதுன்னாலும் எங்களுக்குச் சரி."

"அடைச்சுடலாம்," என்றார் செனோன். யோசிக்கவே இல்லை.

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை பாஸ்குவாலா பொறுத்திருந்தாள்.

"அடைச்சிட்டா அப்புறம் எந்தக் காலத்துலயும் தெரியாது இல்ல?"

"என்ன தெரியாது?"

"என்ன தெரியாதுன்னு உனக்குத் தெரியும், மனுஷா."

அவருக்குத் தெரியும்தான். அடைத்துவிட்டால் அது என்றைக்கும் வெடிக்காத துப்பாக்கி. செத்த பிறகும் அவர் பெயர், சமயம் மட்டும் வாய்த்திருந்தால் பெரிய ஆளாகியிருக்க வேண்டிய செனோன் மகுரெகி. சுட்டுப் பார்த்தால் ஒரு பொட்டலத்தோடு வீடு திரும்ப வேண்டியிருக்கலாம், எழுபத்தைந்து வயதில், இரண்டு பக்கமும் ஜனங்கள் தொப்பியைக் கழற்ற. நாற்பத்தேழு வருஷம் அவர் காப்பாற்றியது துப்பாக்கியை இல்லை, அந்த "இருந்திருந்தா"வை.

அந்த வியாழக்கிழமை தன் சமையல் சங்கத்துக்குப் போனார். எங்கள் ஊரில் ஆண்கள் கூடிச் சமைத்து, தங்கள் சமையலைத் தாங்களே புகழ்ந்து சாப்பிடுவதற்கென்று இப்படிச் சங்கங்கள் உண்டு. குழாயை அடைக்கப் போவதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனார். ஆனால் எடுர்னே வந்துபோன சேதி அதற்குள் அங்கே பரவியிருந்தது. அவர் தலையைக் கண்டதும் பழைய பட்டறைக் கூட்டாளி லுசியானோ கரண்டியால் மேஜையைத் தட்டினான்.

"வந்துட்டாருய்யா இன்னும்கொஞ்சம்! பந்தயம், பந்தயம்! தாங்குமா, வெடிக்குமா? தோத்தவன் சங்கத்துக்கே கருவாட்டு மீன் சமைக்கணும்!"

எங்களுக்கு எதற்கும் பந்தயம்தான். கல் தூக்க, மரம் வெட்ட, மாடு இழுக்க, மாமியார் எப்போது ஊருக்குப் போவாள் என்பதற்குக்கூட. முறை ஒன்றுதான்: தொப்பியைக் கழற்றி மேஜையின் இந்தக் கோடியிலோ அந்தக் கோடியிலோ வைக்க வேண்டும். இரண்டு கோடியிலும் தொப்பி விழுந்துவிட்டால் பந்தயம் பந்தயம்தான். வைத்த தொப்பியைத் திரும்ப எடுத்தவன் அதற்கப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

தொப்பிகள் விழுந்தன. ஒன்று, ஐந்து, பத்து, இருபத்திரண்டு. எல்லாம் ஒரே கோடியில், தாங்கும் பக்கம்.

"அடப் பாவிகளா," என்றான் லுசியானோ, "எதிர்ப்பக்கம் ஒருத்தனாவது போங்கடா. இல்லன்னா பந்தயமே நிக்காதே!"

"வெடிக்கும்னு எவன்டா வெப்பான்? இவன் வேலையை நாம பாத்ததில்லையா?" என்றது ஒரு குரல்.

செனோன் அந்தக் கருப்புத் தொப்பிக் குவியலைப் பார்த்தார். அவரைக் கேலி செய்யப் பெயர் வைத்த அத்தனை பேரும் அவர்மேல் நம்பிக்கையோடு இருந்தார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை. அவமானத்துக்குத் தயாராக இருந்தார், இதற்குத் தயாராக இல்லை. தன் தொப்பியைக் கழற்றி, காலியாக இருந்த கோடியில் ஓங்கி வைத்தார்.

"வெடிக்கும்," என்றார்.

கூரை பறக்கிற மாதிரி கைதட்டல். "நின்னுடுச்சு! பந்தயம் நின்னுடுச்சு!" என்று லுசியானோ குதித்தான்.

அப்போதுதான் செனோனுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. எதிர்த்தொப்பி இல்லாமல் தானாகச் செத்திருக்க வேண்டிய பந்தயத்துக்குத் தானே உயிர் கொடுத்துவிட்டார். இனிமேல் குழாயை அடைக்க முடியாது. சுட்டே ஆக வேண்டும்.

வெறுந்தலையோடு வீட்டுக்கு வந்த கணவனிடம் பாஸ்குவாலா முழுக் கதையையும் கேட்டு வாங்கினாள்.

"உன் துப்பாக்கிக்கு எதிரா நீயே பந்தயம் வெச்சியா?"

"எல்லாரும் ஒரே பக்கம் இருந்தாங்க."

"வெடிக்கும்னு நினைச்சியா? நிஜமாவே?"

அவர் வெறுந்தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப பசிக்காலத்துல, நாற்பத்திரண்டுலயே சொல்லியிருக்கலாமே!" அவள் குரல் உடைந்தது. "அந்தக் கொழுப்புல நான் என் பிள்ளைக்கு ஒரு முட்டையாவது பொரிச்சுக் குடுத்திருப்பேனே!"

அதற்கு உலகத்தில் எந்தச் சரித்திரமும் சாக்கு எழுதி வைத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதனைச் சாலையில் கூட்டம். சங்கத்தார் இருபத்திரண்டு பேரும் வாசலில். பாஸ்குவாலா உள்ளேயே வந்து சுவரோரம் நின்றுகொண்டாள். அங்கே வேலை பார்க்கிற இமானோல் துப்பாக்கியைக் கையில் வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான். இரும்புப் பெட்டிக்குள் இறுக்கினான். அதிக மருந்துக்கு அடையாளமாகச் சிவப்பு மை தடவிய தோட்டாவைப் போட்டுக் கதவைச் சாத்தினான். கயிற்றைப் பிடித்தான்.

டப்.

அவ்வளவுதான். கதவை அறைந்து சாத்தினால் இதைவிடச் சத்தம் வரும்.

இரண்டாவது தோட்டா. டப்.

இமானோல் பெட்டியைத் திறந்தான். எல்லோரையும் காக்க வைத்து, விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தான், அளவுமானியை வைத்து அளந்தான், மறுபடி அளந்தான். "கூடு ரெண்டும் நேரா கீழ விழுந்திருக்கு, பெரியவரே," என்றான்.

"விரிசல்?"

"இல்ல."

"குழாயை மூடுற பூட்டுக்கட்டை நகர்ந்திருக்கும். நல்லாப் பாரு."

"மயிரிழை நகரல. புதுசா வர்ற துப்பாக்கிகூட இப்படித் தாங்கி நான் பாத்ததில்ல." சுத்தியலை எடுத்து ஒரே அடியில் முத்திரையைக் குத்திவிட்டுத் தாளை இழுத்தான். "செஞ்ச வருஷம் என்ன போடட்டும்? இந்த வருஷமா?"

"முப்பத்தொண்ணு."

"அப்புறமும் வருஷா வருஷம் வேலை பாத்தீங்கன்னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் வெளிப்பக்கம்," என்றார் செனோன். "உள்ள நான் தொட்டதே இல்ல."

சொல்லிவிட்டு அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வாசலில் இருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் பாட்டுப் பாடினார்கள். பாஸ்குவாலாவுக்கு மட்டும் அது ஆனந்தம் இல்லை என்று தெரிந்தது. குடியரசு அறிவித்த அந்தச் செவ்வாய்க்கிழமை, இரண்டு தெரு தாண்டி, இதே கதவு. இதே டப். மறுநாளே ஐந்நூறு. அவள் பக்கத்தில் போய் நின்று அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவர் ஞாபகத்தில் அதுதான் முதல் தடவை.

பந்தயத்தில் தோற்ற செனோன் இருபத்திரண்டு பேருக்கும் கருவாட்டு மீனைப் பூண்டெண்ணெயில் குலுக்கிக் குலுக்கிச் சமைத்துப் போட்டார். குலுக்கக் குலுக்கக் கெட்டியாக வேண்டிய குழம்பு கெட்டியாகவே இல்லை. யாரும் குறை சொல்லவில்லை.

அருங்காட்சியகத்தில் நடு அலமாரி கொடுத்தார்கள். பெயர்ப்பலகை வந்ததும் செனோன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் படித்தார். பெயர் சரி, வருஷம் சரி. கடைசி வரி: "உள்நாட்டுப் போர்ச் சூழல் காரணமாக உற்பத்திக்குச் செல்லவில்லை."

"இது பொய்யும்மா," என்றார் எடுர்னேயிடம். "போர் வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே இது தயார். பயம்னு எழுது."

"யார் பயம் ஐயா?"

"செஞ்சவன் பயம்."

எடுர்னே மேலிடத்தில் கேட்டுவிட்டு அடுத்த வாரம் சங்கடத்தோடு வந்தாள். "ஒத்துக்க மாட்டேங்கறாங்க ஐயா. போருக்கு ஆவணம் இருக்காம். பயத்துக்கு ஆவணம் கேக்கறாங்க."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் செனோன் பத்து மணிக்கே போய் அந்த அலமாரிக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் பில்பாவோவிலிருந்து வந்த வயதான தம்பதி பலகையை உரக்கப் படித்தார்கள். "ஐயோ பாவம்," என்றாள் அந்த அம்மாள், "அந்தப் பாழாப்போன போர் எத்தனை பேர் வாழ்க்கையைத் தின்னுச்சு."

அவளுக்குத் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த இரக்கம் நாற்பத்தேழு வருஷமாக அவருக்குப் பழகிய, சுகமான இரக்கம்.

"போர் இல்லம்மா," என்றார் செனோன். "சுட்டுப் பாக்க எனக்குத்தான் தைரியம் இல்ல."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே, அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிட்டாள்.